ரோடா, முட்டையா

புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் அங்கன்வாடி டீச்சர் என்பது பேச்சில் தெரிந்தது.

“எம்எல்ஏ என்னையே கேட்டுட்டாரு அக்கா, ரோடு வேணுமா முட்டை வேணுமான்னு.”

“அதென்ன கேள்வி?”

“பட்ஜெட்டு பேசிக்கினு இருக்காங்களாம். கிராம ரோடுங்களுக்குப் பணம் ஒதுக்கணும்னா அங்கன்வாடி முட்டையைக் குறைக்கணுமாம்.”

“நீ என்ன சொன்னே?”

“முட்டைன்னுட்டேன். பாதி பசங்க வெறும் வயிறா வருதுங்க. சரி, அப்படியே சட்டசபையில பேசறேன்னு அவரு அமராவதிக்குக் கிளம்பிட்டாரு.”

“நல்லதுதானே. ஏன் மூஞ்சி இப்டி இருக்குது?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஆம்புலன்ஸ் ஊருக்குள்ள வரணும், ரோடு போடுங்கன்னு வீடு வீடா கையெழுத்து வாங்கினது எங்க வீட்டுக்காரரு. அவருகிட்ட இன்னும் சொல்லல அக்கா.”