பட்டறைக் கழிப்பறையில் எண்ணெய் ஊற்றியது யார்?

முழங்கை வரை கரி படிந்தாலும் மனத்தில் மாசு படியாத பெரியோர்களே, அந்தக் கரிச்சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே கை தேய்ந்த தாய்மார்களே, வாகனப் பழுதுபார்ப்போர் சங்கத்தின் இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, என்னைப் பேசவும் அழைத்துவிட்டு, ஏனடா அழைத்தோம் என்று இப்போது நெளிந்துகொண்டிருக்கும் தலைவர் அவர்களே, அவரையும் அவர் குறட்டையையும் ஒருசேரக் கட்டிக்கொண்ட என் அருமைத் தங்கையே, அனைவருக்கும் வணக்கம்.

நான் உதிரிபாகக் கடைக்காரன். எதைப் பற்றிப் பேசட்டும் என்று தலைவரைக் கேட்டேன். “மலத்தப் பத்திப் பேசுங்க மச்சான்” என்றார். முன்வரிசை மூக்கைப் பொத்துகிறது. ஏன் ஐயா? காலையில் எழுந்ததும் மன்னனும் மெக்கானிக்கும் போய் உட்காரும் இடம் ஒன்றுதானே?

தலைவரின் பட்டறையை அறிவீர்கள். அதன் பின்கட்டில் ஒரே ஒரு கழிப்பறை. அதன் சுவரில் தலைவரே தம் கைப்பட எழுதிய வாசகம்: ‘கழிவு எண்ணெயை இங்கே ஊற்றாதே’. அந்தக் கழிப்பறையில் ஒருநாள் எண்ணெய் மிதந்தது. மறுநாளும் மிதந்தது. தண்ணீர் ஊற்றினால் போகவில்லை, தேய்த்தால் விடவில்லை, நாற்றமோ வாசலைத் தாண்டி வந்து வாடிக்கையாளரை வரவேற்றது.

வேறு யாராக இருந்தாலும் வயிற்றைச் சந்தேகித்திருப்பார்கள். நம்மவர் மெக்கானிக் ஆயிற்றே! டார்ச் லைட்டை அடித்துக் குனிந்து ஆராய்ந்தார். என்ஜின் ஆயிலா? கறுப்பாக இல்லை. பிரேக் ஆயிலா? தண்ணீரோடு கலக்கவில்லை. கியர் ஆயிலா? அவ்வளவு கெட்டி இல்லை. “எந்தக் கம்பெனி ஆயில்டா இது, இவ்வளவு மஞ்சளா?” என்று நிமிர்ந்தவர், நேரே வெல்டரிடம் போய் நின்றார்.

“நீதானே ஊத்துன?”

“வெல்டிங் வைக்கிறவனுக்கு எண்ணெய் எதுக்குண்ணே?”

“எதிர்த்துப் பேசாத.”

பாவம், அந்த வெல்டர். இதோ, பந்தல் காலைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். அன்று சிரிக்கவில்லை. வேலையை விட்டு நின்றுவிட்டார்.

அவர் நின்ற பிறகும் எண்ணெய் நிற்கவில்லை.

இதற்கிடையே தலைவரின் கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. என் தங்கை பெல்ட்டில் புதுப்புது ஓட்டைகளாகப் போட்டுக்கொண்டே வந்தாள். “மூணு ஆள் சாப்பாடு சாப்பிடுறாரு, ஆளு மட்டும் கரையிறாருண்ணா” என்று என்னிடம் கண் கலங்கினாள். சாப்பிட்டதும் மேல்வயிற்றில் ஒரு வலி எழுந்து முதுகு வரை போகும். “கேஸ்” என்பார் இவர். கேஸாம், கேஸ்!

கடைசியில், பட்டறைக்கு விடுமுறை விட்டார். ஆட்களை எல்லாம் அனுப்பிவிட்டுக் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டார். சாவியைத் தம் இடுப்பில் செருகிக்கொண்டு காவல் இருந்தார். நடுவில் வயிறு அழைத்தது. தாமே திறந்தார், தாமே போனார், எழுந்து திரும்பிப் பார்த்தார்.

என்ன மிதந்தது? உரக்கச் சொல்லுங்கள். ஆம், எண்ணெய்! பூட்டு அவருடையது, சாவி அவருடையது, காவலும் அவருடையது. அப்படியானால் திருடன்? தலைவர் மைக்கை அணைக்கச் சொல்கிறார். அணைக்காதீர்கள் தம்பி.

எனக்குப் போன் வந்தது. குரல் பாதாளத்திலிருந்து வந்தது. “மச்சான், ஊத்துனது நான்தான் போலிருக்கு.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தங்கை போனை வாங்கிச் சொன்னாள்: “சிரிச்சது போதும்ணா, எனக்குப் பயமா இருக்கு. வண்டிய எடுங்க.” அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா, “என்ன தொந்தரவு?” என்று கேட்டார். தலைவர், “கொஞ்சம் ஆயில் லீக்குங்க” என்றார். “வண்டியிலயா?” “இல்லம்மா, எனக்கு.” அந்த அம்மா சிரிக்கவில்லை. மலத்தையும் ரத்தத்தையும் சோதித்தார், ஸ்கேன் எடுத்தார். பிறகு சொன்னார்: “கொழுப்பு செரிக்க கணையத்துச் சாறு வேணும், பித்தநீர் வேணும், சிறுகுடல் அத உறிஞ்சவும் வேணும். எது மக்கர் பண்ணாலும் கொழுப்பு அப்படியே வெளிய வந்துடும். உங்களுக்குக் கணையம். நாள்பட்ட வீக்கம்.”

எல்லோருக்கும் கணையமாகத்தான் இருக்குமா? இல்லை. பித்தக்குழாயைக் கல் அடைத்திருக்கலாம், கல்லீரல் களைத்திருக்கலாம். கோதுமையில் உள்ள புரதம் சிலர் குடலுக்கு ஆகாது. அசுத்தத் தண்ணீரில் வந்த கிருமியும் செய்யும், இளைப்பதற்கு விழுங்கும் சில மாத்திரைகளும் செய்யும். கொழுப்பான விருந்தை ஒருநாள் வெளுத்துக் கட்டியதால் வந்து, தானே போவதும் உண்டு.

ஆனால் போகாமல் நின்றால்? வெளிறி, மிதந்து, கோப்பையில் ஒட்டி, நாறிக்கொண்டே இருந்தால்? எடை குறைந்தால்? குழந்தை வளராமல் நின்றால்? டாக்டரிடம் போங்கள். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, மலம் ரத்தமாகவோ தார் போலவோ போனாலோ, அன்றே போங்கள்!

இன்று தலைவர் ஒவ்வொரு சாப்பாட்டோடும் டாக்டர் கொடுத்த மருந்தை விழுங்குகிறார். கணையத்தைக் கெடுக்கும் மதுவும் புகையும் போயின. பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. வெல்டர் வீட்டுக்கு அவரே நடந்து போனார். “நான்தான்டா அது, மன்னிச்சுடு” என்றார். “அப்பவே சொன்னேன்ல, எனக்கு எதுக்குண்ணே எண்ணெய்?” என்றார் வெல்டர். சுவரிலும் வாசகம் மாறிவிட்டது: ‘எண்ணெய் மிதந்தால் கத்தாதே, காட்டு’.

இந்த மேடைக்குப் பின்னால் ஓர் அறை. உள்ளே அதே டாக்டரம்மா. வெட்கப்படுகிறவர்கள் கூட்டம் கலைந்த பிறகு...

என்ன ஐயா? மூன்றாவது வரிசையில் லாரி ஓட்டுநர் ஐயா எழுந்து நிற்கிறார். இப்போதே போகலாமா என்கிறார். போகலாம் ஐயா! சிரிக்காதீர்கள், வழிவிடுங்கள். அதோ பாருங்கள், தலைவரே இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தலைமை நாற்காலி காலியாக இருக்கிறது. இதைவிட நல்ல தலைமை உரை எனக்குத் தெரியவில்லை. பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கு நன்றி, பொத்தாமல் விட்ட மூக்குகளுக்குத் தனி நன்றி. வணக்கம்.