மூக்கிலிருந்து முகவாய் வரை

இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களில் மனித மூக்கை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. நிர்வாகக் குழு என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. விளக்கம் தருகிறவன் தன் தகுதியை முதலில் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. நம் குழுவில் சேர்ந்தது வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடிதான். நாற்பது நாட்டுக்காரர்கள், ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள், வெள்ளத்திலும் தீயிலும் கெட்டுப்போன குடும்பப் படங்களைக் கணினியில் இலவசமாகச் சரிசெய்து கொடுக்கிறார்கள் என்று படித்ததும், இவ்வளவு பேருக்கா வேறு வேலை இல்லை என்று மனம் உருகி உடனே விண்ணப்பித்தேன். சோதனைக்கு ஒரு பழைய கல்யாணப் படம் அனுப்பினீர்கள். பெண்ணின் கன்னமெல்லாம் பூஞ்சை. சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தேன். நம் மொழிக்காரர்களிடமிருந்து வரும் படங்களை மேற்பார்வையிடும் பல் டாக்டர் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, அதுல ஒண்ணு பூஞ்சை இல்ல, மச்சம். திருப்பி வச்சிடுங்க. அந்தம்மா அறுபது வருஷமா அதோடதான் குடித்தனம் நடத்துறாங்க."

வைத்தேன். சேர்ந்தேன்.

குழுவில் எனக்கு மிகவும் பிடித்தது சிவப்புத் தாள் வழக்கம். படத்தில் நாமாக ஊகித்து வரைந்த இடங்களை கணினியில் அதன் மேல் தாள்போல் விரியும் ஒரு தனி அடுக்கில் சிவப்பாகப் பூசி, படத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். எது நிஜம், எது நம் கைவேலை என்று குடும்பத்துக்குத் தெரிய வேண்டும் அல்லவா. இந்த நேர்மை என்னை ஆட்டிப் படைத்தது. அப்பா தன் பழைய படம் ஒன்றில் நெற்றிக்கு மேல் கொஞ்சம் முடி வைக்கச் சொன்னபோது, இல்லாததை வரைவது என் கொள்கைக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன்.

"முன்னபின்ன தெரியாதவனுக்கெல்லாம் ஓசியில பண்றே, பெத்தவனுக்கு நாலு முடி வைக்க வலிக்குதா?" என்றார்.

"நாலு முடின்னா பரவாயில்லப்பா. நீங்க கேக்குறது ஒரு காடு."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. உண்மைக்கு அதுவும் ஒரு விலை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவின் விண்ணப்பம் எனக்கு வந்தது. அவருடைய தம்பி வேலைக்கென்று போனவர் மூன்று வாரமாக வீடு திரும்பவில்லை. தேடுவதற்குப் படம் வேண்டும். அந்த மனிதர் கேமராவைக் கண்டாலே நழுவுகிறவர் போல. பெரியவரான பிறகு எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது நனைந்துவிட்டது. கண்கள் பிழைத்திருந்தன. கண்ணுக்குக் கீழே, மூக்கிலிருந்து முகவாய் வரை, எல்லாம் கரைந்து வெறும் கஞ்சி.

விதிப்படி, இப்படிப்பட்ட படத்தை 'முடியாது' என்று திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு சகோதரியிடம் முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து வரைந்தேன். பார்த்து வரைய நல்ல மூக்கு ஒன்று தேவைப்பட்டது. பக்கத்தில் கிடைத்தது என்னுடையதுதான். அது பொருந்தியதும், வாயையும் முகவாயையும் வேறு இடத்தில் தேடுவானேன் என்று என்னுடையதையே வைத்துவிட்டேன்.

படத்தைப் பார்த்து அக்கா போனில் வெகுநேரம் அழுதார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மேலுதட்டுல ஒரு வெட்டுத் தழும்பு இருக்கணுமே தம்பி. சின்ன வயசுல என் மெஷின்ல இடிச்சுக்கிட்டான்."

"வெளிச்சம் அந்தப் பக்கம் அடிக்குதுக்கா. அதான் தெரியல."

"மூக்கும் கொஞ்சம் எடுப்பா இருக்கோ?"

"போட்டோல அப்படித்தான் விழும்."

"சரி, உங்களுக்குத் தெரியாததா. நான் பயத்துல இருக்கேன், எனக்கு அவன் முகமே மறந்துடும் போல இருக்கு."

மறக்கக் கூடாது என்றுதானே நாமெல்லாம் இருக்கிறோம்.

சிவப்புத் தாளை வெறுமையாக அனுப்பினேன். முறைப்படி பூசியிருந்தால் பாதி முகம் சிவந்திருக்கும். அதைப் பார்த்து அந்த அக்கா என்ன பாடுபட்டிருப்பார் என்று யோசியுங்கள். "ஒரு இடத்துல கூட ஊகம் இல்லையா? பலே" என்றார் பல் டாக்டர். அந்த மாதத்தின் சிறந்த படமாக அதைத்தான் தேர்ந்தெடுத்தீர்கள். பாராட்டு நாற்பது நாடுகளிலிருந்தும் வந்தது. அதையும் நான் கேட்டு வாங்கவில்லை.

சுவரொட்டி அச்சானது. அடியில் அக்காவின் போன் எண்ணும், சின்ன எழுத்தில் 'படச் சீரமைப்பு' என்று குழுவின் பெயரோடு என் பெயரும் என் எண்ணும் இருந்தன. அந்தச் சின்ன எழுத்தை மட்டும் நான் கேட்டு வாங்கினேன். ஒருநாள் பேருந்தில் நடத்துநர் என்னை உற்றுப் பார்த்து, "உங்களை எங்கயோ பாத்திருக்கேனே" என்றார். எனக்கு நேரான மூக்கு, எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன்.

சுவரொட்டி ஒட்டிய ஐந்தாம் வாரம் வேறோர் ஊர் மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் எனக்குக் குரல் செய்தி அனுப்பினார்.

"இங்க ஒருத்தர் விபத்துல அடிபட்டு நினைவில்லாம கிடக்கிறார். போஸ்டர்ல இருக்கிற அதே கண்ணு. ஆனா மூக்கும் வாயும் ஒட்டவே இல்ல. மேலுதட்டுல ஒரு தழும்பு வேற. ஏற்கெனவே ரெண்டு குடும்பத்துக்கு வீணா ஆசை காட்டிட்டேன், அதான் அவங்கள கூப்பிடாம முதல்ல உங்ககிட்ட கேக்குறேன். அந்தப் படத்துல இருக்கிற முகம் சரிதானே?"

நான் அவசரப்படவில்லை. அந்தச் செய்தியை இரண்டு முறை போட்டுக் கேட்டேன். 'ஆம், அது பல் டாக்டர் சரிபார்த்த படம்' என்று பதில் எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பதினோரு நாள் கழித்து இன்னொரு குரல் செய்தி.

"அவர் நாலு நாள் முன்னாடி தவறிட்டார். பேர் தெரியாதவர்னு எழுதி அடக்கம் பண்ணிட்டாங்க. நடுவுல ரெண்டு தடவை கண்ணு முழிச்சார், யாரையோ தேடினார். கேட்டதுக்கு உடனே பதில் போட்டீங்களே, அதான் சொல்லணும்னு தோணுச்சு."

மரியாதை தெரிந்தவர். கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினேன். ஆனால் அந்தத் தழும்பு அவரை விடவில்லை போலிருக்கிறது. பல மாதம் கழித்துக் குழுவுக்கும் எழுதிவிட்டார், அதனால்தான் இந்த விளக்கம்.

பல் டாக்டர் என்னைத் திட்டவில்லை. "அந்தத் தையல்கடைப் பொண்ணுகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார். முதல் தடவையாக என்னை 'நீ' என்றார். நானே சொல்கிறேன் என்றேன். அது என் கடமை.

வாக்குத் தவறவில்லை. மறுநாளே அக்காவைக் கூப்பிட்டேன். அவர் முந்திக்கொண்டார்.

"நூறாயுசு உங்களுக்கு, இப்பதான் நினைச்சேன். அவன் போயி ஒரு வருஷம் ஆகப்போகுது தம்பி. எங்கயோ சரியா சாப்பாடு இல்லாம இளைச்சிருப்பான். தாடி வளந்திருக்கும். பழைய போஸ்டர வச்சா யாருக்கு அடையாளம் தெரியும்? அவன் இப்ப எப்படி இருப்பானோ அப்படி ஒண்ணு போட்டுத் தரீங்களா?"

அவ்வளவு நம்பிக்கையோடு கேட்கிற ஒருவரிடம் வேறு எதைச் சொல்வது. சரிக்கா என்றேன்.

அந்தப் படத்தை இன்னும் தொடங்கவில்லை. இந்த முறை எதையும் ஊகமாகச் செய்யக் கூடாது என்று இருக்கிறேன். சவரம் செய்வதை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். கன்னம் இன்னும் கொஞ்சம் ஒட்ட வேண்டும். அம்மாதான் காரணம் தெரியாமல் தட்டை ஏந்திக்கொண்டு பின்னாலேயே வருகிறாள்.