சிப் ஆலைத் தண்ணீரைத் தெளியவைத்த நாகஜோதி அம்மையாருக்கு

நொய்யல் கரையில் நுரைத்து வந்த சாயநீரை நொடியும் அயராமல் நோக்கித் தெளியவைத்தவரும், கண்ணாடிக் குடுவை காட்டியதை எவர் முகத்துக்காகவும் மாற்றி எழுதாதவரும், இருபத்தேழு ஆண்டுகள் எங்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தை ஆண்டவருமான திருமதி நாகஜோதி அம்மையார் இன்று பணிநிறைவு பெறுகிறார். புகழை அடுக்கினால் அவருக்குக் கூச்சம் வரும். ஆகவே அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் இந்த அவையில் சொல்கிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கணினி சிப்புக்கான தகடுகளைக் கழுவும் புதிய ஆலையொன்று பல்லடம் பக்கம் திறந்தது. அதன் கழிவுநீர் டேங்கர் லாரிகளில் எங்களிடம் வந்தது. ‘உப்பும் கொஞ்சம் காரமும்தான்’ என்றது கூட வந்த கடிதம். ஐந்தாம் நாள், சாய அழுக்கைத் தின்று வாழும் நுண்ணுயிர்த் தொட்டி வெளுக்கத் தொடங்கியது. அதுதான் எங்கள் நிலையத்தின் வயிறு. தொட்டியைக் கவனிக்கும் வாசிம் ஒரு பாட்டிலில் நீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நாகஜோதி நுண்ணோக்கியில் கண் வைத்தார். வழக்கமாகத் துள்ளித் திரியும் உயிர்கள் அசைவற்றுக் கிடந்தன.

மறுநாள் காலை அவர் வாயிலுக்கே போய் லாரியை நிறுத்தினார். மேலாளர் வெள்ளையன் பதறிப்போய் வந்தார்.

“ஏனுங்கம்மா, பெரிய எடத்து ஆலைங்க. ஒரு சந்தேகத்துக்காக லாரியத் திருப்புனா எப்படிங்க?”

“சந்தேகம் இல்ல சார், பாத்துட்டேன். இதை உள்ள விட்டா நம்மளை நம்பி ஓடுற நாப்பது சாயப்பட்டறையும் நாளைக்கு நிக்கும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

லாரி திரும்பியது; தொட்டியும் சில நாளில் மெல்லத் தேறியது. ஆலைக்காரர்கள் இரண்டு வாரம் முறைத்துவிட்டு, பிறகு உண்மைப் பட்டியலைக் கொடுத்தார்கள். தகட்டை அரிக்கும் அமிலத்திலிருந்து வந்த ஃபுளோரைடு அதில் இருந்தது. தகட்டில் படம் பதிக்கப் பயன்படும் டெவலப்பர் திரவமும் இருந்தது. அது செறிவாகத் தோலில் பட்டால் ஆளையே கொல்லும். அன்றே முகக்கவசமும் முழங்கை வரை உறையும் இல்லாமல் எவரும் அந்த நீரின் பக்கம் போகக்கூடாதென்று நாகஜோதி விதித்தார்.

வெள்ளையன் நிம்மதியாக மூச்சுவிட்டார். “நல்லவேளைங்கம்மா, தப்பிச்சோம். இனி அவங்க பாடுங்க.”

நாகஜோதிக்கு அந்த நிம்மதி வரவில்லை. “நாம வேண்டாம்னா அந்தத் தண்ணி ஆவியாவா போயிரும்? ஏதாவது ஓடையிலதான் விழும். நம்மகிட்ட வந்தா நம்ம கண்ணு முன்னாடியாவது இருக்கும். தனிக் குழாய், தனித் தொட்டி கட்டித் தரச் சொல்லுங்க. நான் பாக்கேன்.”

ஆலையும் சம்மதித்தது. ஃபுளோரைடு சீக்கிரமே வழிக்கு வந்தது. சுண்ணாம்பைக் கலந்ததும் வெள்ளைச் சேறாகி அடியில் படிந்தது. டெவலப்பர்தான் படாத பாடு படுத்தியது. அதைத் தின்னப் பழக்குவதற்காக ஒரு டிரம்மில் நுண்ணுயிர்களை வளர்த்தார். எட்டு நாளில் செத்தன. மறுபடி வளர்த்தார், மறுபடியும் செத்தன. அன்று மாலை பேருந்தில் அழுதுகொண்டே போனதாகப் பின்னாளில் அவரே சொன்னார். மூன்றாம் முறை அவருக்கு ஒரு யோசனை தட்டியது: அந்த நஞ்சிலேயே பிழைத்துக் கிடப்பவை எங்கேயாவது இருக்குமே. ஆலைக்கே போனார், அவர்களுடைய வடிகால் தொட்டியின் அடியில் படிந்த கறுப்புச் சேற்றை ஒரு வாளி கேட்டு வாங்கிவந்தார். முதல் நாள் துளித்துளியாக ஊட்டினார். மாதக்கணக்கில் அளவைக் கூட்டினார்.

“மேடம், அது இன்னும் உசுரோடதான் இருக்குதுங்களா?” என்று தினமும் கேட்பார் வாசிம்.

பதினோராம் மாதம் ஒருநாள், “நீங்களே பாருங்க தம்பி” என்று நுண்ணோக்கியை அவர் பக்கம் தள்ளினார் நாகஜோதி. அங்கே திருவிழாக் கூட்டம்.

தனித் தொட்டி ஓடத் தொடங்கியது. வெளி ஆய்வகத்துக்கு மாதிரி போயிற்று. ஃபுளோரைடு வரம்புக்கு வெகு கீழே; டெவலப்பர் தேடியும் அகப்படவில்லை. அறிக்கையை இரண்டு முறை படித்த வெள்ளையன், “அன்னைக்கு வாசல்ல நான் பேசுனது தப்புங்கம்மா” என்றார் எல்லார் முன்னிலும். “பேசுனா என்ன சார், லாரியத் திருப்பவும் நீங்கதான வழிவிட்டீங்க” என்றார் நாகஜோதி. இன்று அந்த ஆலையின் நீர் சுத்தமாகி அந்த ஆலைக்கே திரும்புகிறது. ஒரு சாயப்பட்டறையும் ஒருநாளும் நிற்கவில்லை.

அம்மையீர், நேற்று வந்த மூன்று லாரிகளையும் நாங்களே சோதித்து, ஒன்றைத் திருப்பி அனுப்பினோம். உங்களைக் கூப்பிடவில்லை; நீங்களும் எழுந்து வரவில்லை. இருபத்தேழு ஆண்டுகளில் முதல்முறையாக உங்கள் தேநீரைச் சூடாகவே குடித்து முடித்தீர்கள்.

ஊறும் கேணியென உடல்நலமும், தெளிந்த நீரென மனநிறைவும் பெற்று, உற்றார் சூழ நூறாண்டு கடந்தும் நீங்கள் வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
மேலாளர் வெள்ளையன், வாசிம்,
ஆய்வகம், தொட்டிப் பிரிவு, லாரி வாயில் பணியாளர்கள் அனைவரும்