சொந்தத் தெருவில் ஒரு டெஸ்ட் டிரைவ்

ஹைதராபாத் பேகம்பேட்டில் மெட்ரோ ஏறிய இருவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். இருவரில் மூத்தவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். எடுத்த எடுப்பிலேயே சொன்னார்:

"மாப்ள, என்னை டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டாங்க."

"என்ன மாமா? நீங்க டெஸ்ட் டிரைவ்தானே போனீங்க?"

"ஹவ், ஆமா. சின்ன சொகுசு கார், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குமாம். சேத்துல ஓட்டிப் பாக்கலாம்னு எங்க தெருவுக்கே விட்டேன். அங்கதான் பைப்புக்குத் தோண்டிப் போட்டிருக்காங்களே."

"சேத்துக்காகவா, பந்தாவுக்காகவா?"

"பந்தாவுக்குத்தான், எதுக்குப் பொய் சொல்லணும்? கூட வந்த சேல்ஸ்மேனை, பின் சீட்டு எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கன்னு பின்னாடி அனுப்பிட்டேன். முன்னாடி நான் மட்டும் தெரியணும்ல."

"அப்புறம்?"

"கோட்டும் டையுமா அவன் பின்னாடி. வெள்ளைச் சட்டையில நான் முன்னாடி. எதிர்வீட்டு அங்கிள் வந்து கண்ணாடியைத் தட்டினாரு. 'ஆபீஸ் வேலை போயிடுச்சாப்பா?'ன்னு ரொம்பப் பாவமாக் கேட்டாரு. ஞாயித்துக்கிழமை அவர் பொண்ணை ஏர்போர்ட்ல விடணுமாம். அவர் வண்டியை ஓட்ட வர்றியான்னாரு."

"உண்மையைச் சொல்லிட்டீங்கல்ல?"



"பின் சீட்டு சார்கிட்ட லீவு கேட்டுட்டுச் சொல்றேன்னுட்டேன்."