எதுவும் மாற்றப்படாத வண்டி

காபி பரவாயில்லை. நீங்கள் சிகாகோவில் வளர்ந்தவர் என்று கேள்விப்பட்டேன், அதிகாரி ப்ரோஹாஸ்கா, அதனால் சொல்லிவைக்கிறேன்: அயோவாவின் இந்த மூலையில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. குழந்தை அழகாகப் பிறந்தாலும் பரவாயில்லை. சோளம் அமோகமாக விளைந்தாலும் பரவாயில்லை. சூறாவளி கூரையைப் பிய்த்துக்கொண்டு போனால், இன்னும் மோசமாகியிருக்கலாம் என்போம். ஒன்று எங்களுக்கு அருவருப்பாக இருந்தால் மட்டும், "வேற மாதிரி இருக்கு" என்போம். அதற்கு மேல் கடுமையான சொல் எங்களிடம் இல்லை. நானும் என் வாழ்நாளில் அதை நாலைந்து தடவைக்கு மேல் சொன்னதில்லை.

வெர்லின் டிக்ஸ்ட்ராவிடம் ஒரு தடவை சொன்னேன். அங்கிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பழைய கார்களை மதிப்பிடுகிறேன். முதலில் என் கணவர் கென்னத் செய்தார், நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். அவர் போன பிறகுதான் தெரிந்தது, அத்தனை வருஷமும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தது அவர் என்றாலும் என்ன பார்த்தோம் என்று அவருக்குச் சொன்னது நான் என்பது. ஆறு தரங்கள் உண்டு. முதல் தரம், ஆலையிலிருந்து நேற்று வந்தது போல இருப்பது. ஆறாம் தரம், உதிரிப் பாகத்துக்குக் கழற்றுவது. இந்தத் தரங்களுக்கெல்லாம் அப்பால் ஒன்று இருக்கிறது: எதுவுமே மாற்றப்படாதது. தேய்ந்திருக்கலாம், மங்கியிருக்கலாம், ஆனால் ஒரு திருகுகூடப் புதிதில்லை. என்ன செலவழித்தாலும் அந்த நிலைக்கு ஒரு வண்டியைத் திரும்பக் கொண்டுபோக முடியாது.

வெர்லினின் கூப்பே அப்படிப்பட்டது. அறுபத்து நான்காம் வருஷத்து வண்டி, இரண்டே கதவு. செய்த கம்பெனி மூடி வெகு காலமாகிறது. பெயர் உங்கள் கோப்பில் இருக்கும். தெரிந்தவர்களுக்குப் பின்கண்ணாடியின் சாய்வே போதும். அந்தக் காலத்து வண்டிகளுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகளும் முன்னால் இளிக்கும் குரோம் பற்களும் இதில் கிடையாது. பக்கவாட்டில் பென்சிலால் இழுத்தது போல ஒரே ஒரு குரோம் கோடு. நிறம் சாம்பலும் இல்லை, பழுப்பும் இல்லை. மழை வரப்போகும் நாளில் வயல் இருக்கும் நிறம். இஞ்சின் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு அடக்கம். கூட்டத்தில் நின்றால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

என் பள்ளி ஆண்டு மலரில் என் படத்துக்குக் கீழே "நம்பகமானவள்" என்று போட்டிருந்தார்கள். பக்கத்துப் படத்துக்காரிக்கு, "மறக்க முடியாத சிரிப்பு". இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. வேண்டாமென்றால் வாக்குமூலத்தில் இதை அடித்துவிடுங்கள்.

மூன்று வருஷம் முன்பு காப்பீட்டுக்காக அந்த வண்டியைப் பார்த்தபோதே அடியில் புகைக்குழாய் அரித்துப்போய்ப் புகை கசிந்துகொண்டிருந்தது. வெர்லினுக்கும் தெரியும்.

"மெக்கானிக் இதைப் பாத்துட்டு மாத்தியே ஆகணும்கிறான் மார்லிஸ்" என்றார்.

"மாத்தினா மாத்தினதுதான். ஆலையில போட்ட குழாய் திரும்ப வராது."

"எனக்கு இடுப்பையே மாத்தியாச்சு. வண்டிக்கு ஒரு குழாய் மாத்தக் கூடாதாக்கும்?"

"உங்களுக்கு யாரும் மதிப்பீடு போடலையே வெர்லின்."

வயிறு குலுங்கச் சிரித்தார். குழாயை மாற்றவில்லை. அறிக்கையில், "புகைக்குழாய்: ஆலையில் பொருத்தியது, வயதுக்கேற்ற தேய்மானம்" என்று எழுதினேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. என் அறிக்கைகளில் பொய்யைத் தேடிப் பிரயோஜனமில்லை.

இந்த ஜனவரியில் மறுபடியும் கூப்பிட்டார். காலை பத்து மணி. வெளியே உறைபனி, காற்றில் பனித்தூள். சமையலறையில் உட்காரவைத்துப் பன்றித் தொடை இறைச்சி வைத்த ரொட்டி கொடுத்தார். மனைவி போன பிறகு அவருக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"வண்டிய வித்துட்டேன்னே வெச்சுக்க. ஓமஹாவுல டரெல்னு ஒரு ஆளு. சனிக்கிழமை டிரெய்லரோட வர்றான். அவன் பேங்குக்கு உன் மதிப்பீட்டுத் தாள் ஒண்ணு வேணுமாம்."

"என்ன பண்ணப் போறாராம்?"

"இஞ்சினைத் தூக்கிக் கடாசிட்டுப் புதுசு வைக்கிறானாம். கூரையை ரெண்டு அங்குலம் வெட்டி இறக்கணுமாம். கலரு ஊதா. முன்னாடிலேர்ந்து நெருப்பு கெளம்பற மாதிரி வரையப்போறான். இரு, படம் அனுப்பியிருக்கான், காட்டறேன்."

காட்டினார். நான் ரொட்டியை மென்று முடித்துவிட்டுச் சொன்னேன்:

"அது வேற மாதிரி இருக்கும்."

அவர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

"அவ்வளவு மோசமாவா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான் சொல்லிட்டியே." போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தார். "எண்பது ஆகப்போகுது எனக்கு. எங்க மாமா வாங்கின நாள்லேர்ந்து அது போர்வைக்குள்ளதான் கெடக்கு. ஒருத்தனாவது அதைப் பாத்து வாயைப் பொளக்கட்டுமே மார்லிஸ். பாவம், அதுக்கும் ஆசை இருக்காதா?"

நான் யோசித்துப் பார்த்தேன். நேர்மையாகவே யோசித்தேன். இருக்காது என்றுதான் தோன்றியது.

எனக்கு விற்றுவிடுங்கள் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. அடுத்தவர் வீட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு அவருடைய பொருள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது அசிங்கம். தவிர, மதிப்பிட வந்தவள் அந்தப் பொருளுக்கு ஆசைப்படக் கூடாது. எனக்கு ஆசை இல்லை. வண்டி வண்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காரேஜுக்குப் போனோம். சமையலறையை ஒட்டியே இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயிண்டின் கனத்தை அளந்தேன். எல்லா இடத்திலும் ஒரே எண்; மறுபூச்சு எங்குமே இல்லை. ஆலையில் சோதித்தவர் சாக்கட்டியால் போட்ட குறி இஞ்சின் பின்னால் அப்படியே இருந்தது. யாரோ ஒருவர் இந்த வண்டியைச் சரி என்று சொல்லியிருக்கிறார், அதற்குப் பிறகு யாருமே அதைத் திருத்தவில்லை.

இஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றேன். அவர் தானே உட்கார ஆசைப்பட்டார். தாழ்வான இருக்கை, மாற்றிய இடுப்பு. நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். கூப்பேயின் கதவு நீளம், அந்த காரேஜோ குறுகல்; கதவு பாதிதான் திறக்கும். உள்ளே போனவர் இன்னொருவர் இழுக்காமல் வெளியே வர முடியாது. அதைச் சொல்லி அவரே சிரித்தார்.

"எறக்கிவிட மறந்துடாத. டரெல் என்னையும் சேத்து ஊதாவா அடிச்சுடப் போறான்."

இஞ்சினைப் போடும்போது புகை வெளியே போகக் காரேஜின் பெரிய கதவை ஒரு முழம் தூக்கிவைப்பது அவர் வழக்கம். அன்றும் தூக்கிவைத்துவிட்டே இஞ்சினைப் போட்டிருந்தார். அந்த இடைவெளி வழியாகப் பனித்தூள் வந்து பின்பக்கக் குரோமில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாலையில் போடும் உப்பும் அதோடு சேர்ந்து வரும். குரோமுக்கு உப்பு எவ்வளவு கெடுதல் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அந்தப் பெரிய கதவை முழுக்க இறக்கினேன்.

"வண்டி வாங்கின ரசீதெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"சமையலறையில, ரெண்டாவது இழுப்பறை. மெதுவா பாரு. நான் இவளோட கொஞ்சம் பேசிட்டிருக்கேன்."

இவளோடு என்றார். அதுவரை அது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். கதவுக்கு அடியில் குளிர் வந்தது. கால் மிதியைச் சுருட்டி அங்கே வைத்தேன். ரசீதுகள் எல்லாம் இருந்தன. மாமாவின் கையெழுத்து, விற்றவரின் கையெழுத்து, புது வண்டியின் ஜன்னலில் ஒட்டும் விலைத் தாள்கூட. எல்லாவற்றையும் பார்த்து, அறிக்கையின் மூன்று பக்கங்களையும் நிரப்பி முடித்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். அவசரப்பட்டால் மதிப்பீட்டில் பிழை வரும்.

பிறகு வெளியே சுற்றிப் போய்ப் பெரிய கதவை முழுக்கத் தூக்கிவிட்டுக் காத்திருந்து, உள்ளே போய் இஞ்சினை அணைத்தேன். அவ்வளவு நேரம் நின்ற இடத்திலேயே ஓடினால் அந்த இஞ்சினுக்கு நல்லதில்லை. அதற்கப்புறம்தான் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இருக்கையில் கறை எதுவும் இல்லை.

ஊர் என்னிடம் அன்பாக நடந்துகொண்டது. அவர் இறந்துகிடந்ததை முதலில் பார்த்தது நான் என்பதால் தேவாலயத்துப் பெண்கள் ஒரு வாரம் எனக்கு மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவர் மகள் ஜோலீன் அரிஸோனாவிலிருந்து வந்தாள். அப்பா செத்த வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாள். டரெலுக்கும் வேண்டாமாம். ஒருவர் இறந்த வண்டியின் விலை இறங்கும். அது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது, அறிக்கையில் திருத்தி எழுதினேன். அந்த விலைக்கு நானே எடுத்துக்கொள்ளவா என்று ஜோலீனிடம் நான் கேட்கவில்லை. எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவள்தான் கேட்டாள். கட்டிப்பிடித்து அழுதாள்.

இப்போது அது என் வீட்டில் பருத்திப் போர்வைக்குள் இருக்கிறது. உங்கள் ஆட்கள் வந்தால் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கைரேகைப் பொடியைக் குரோமில் தூவ வேண்டாம். யாருடைய ரேகை அங்கே இருக்கும் என்பதை நானே சொல்லிவிட்டேனே.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். ஆனால் என் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், "ஹார்ன்: இரண்டு சுருதி, இரண்டும் தெளிவாக ஒலிக்கின்றன" என்று இருக்கிறது. எதிர்வீட்டுத் திருமதி ரீட்ஸ்மாவும் பதினொன்றேகால் வாக்கில் ஹார்ன் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வரியை எப்படி எழுதினேன் என்கிறீர்கள்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். அந்த ஒரு வரிதான் காலியாக இருந்தது; நான் எந்த வரியையும் காலியாக விடுவதில்லை. முதல் தடவை சுருக்கமாக அடித்தார், தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்பது போல. இரண்டாவதும் மரியாதையாகத்தான் இருந்தது. அறுபது வருஷத்துக்குப் பிறகும் சுருதி இம்மியும் பிசகவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவது தடவை கையை எடுக்காமல் நெடுநேரம் அடித்தார். அது மட்டும் கொஞ்சம் அதிகப்படி என்று எனக்குப் பட்டது. வெர்லின் அப்படிப்பட்ட மனிதர் இல்லை என்பதால், அதை அறிக்கையில் சேர்க்கவில்லை.