கீழே இறக்கிய குழாய்

இந்த அறையில் மின்விசிறி சுற்றியும் காற்று வெந்துதான் வருகிறது, ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் என்ன என்று வந்து உட்கார்ந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்கவில்லை. நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள், இன்ஸ்பெக்டரம்மா.

எழுதியதை வாசித்தும் காட்டினீர்கள். “வாடிக்கையாளர் சிந்துஜாவுக்குத் தகவல் சொல்ல மறந்துவிட்டேன்.” என் கணவர் கமலக்கண்ணன் வெளியே பெஞ்சில் இருக்கிறார். நான் உள்ளே வருவதற்கு முன் என் தோளைத் தொட்டு, “மறந்துட்டேன்னு போட்டுடு வேம்பு. யாருக்குத்தான் மறக்கல? நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார். என் தோளை அவர் தொட்டு வெகுநாளாகிறது.

முத்தியால்பேட்டையில் எங்கள் ஒர்க்‌ஷாப். வண்டிக்கு இழுவை போதவில்லை என்று வருகிறவர்களுக்கு அவர் ஒரு வேலை செய்து தருவார். இஞ்சின், பக்கத்தில் இருக்கும் சூட்டுக் காற்றையே இழுத்தால் திணறும். அதனால் ஒரு குழாயை முன் பம்பருக்குக் கீழே இறக்கி, வெளியிலிருக்கும் குளிர்ந்த காற்று நேராக உள்ளே போகும்படி செய்வார். வெயிலுக்கு நல்லது. மழையில் அதே குழாய் ரோட்டில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். இஞ்சின் அங்கேயே இறுகி நின்றுபோகும். ஆகவே ஐப்பசி பிறந்ததும் எல்லா வண்டிகளையும் வரச்சொல்லிக் குழாயை மேலே தூக்கி மாட்டுவோம். அரை மணி நேர வேலை. போன் செய்து கூப்பிடுவது என் பொறுப்பு. பதினோரு வருடமாகச் செய்கிறேன்.

சிந்துஜா சித்திரையில் வந்தாள். கருவடிக்குப்பத்துப் பெண், வேலை காலாப்பட்டில். மற்றவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“வண்டி ஓடுறது பெட்ரோல்ல. காத்துல இன்னாண்ணே வந்துச்சி?”

“பஸ்ஸுல ஜனம் ஏறுற மாதிரிம்மா. புழுக்கமா இருந்தா ஆளாளுக்குக் கால விரிச்சி உக்காருவான். குளிரடிச்சா ஒட்டி உக்காருவான். அதே பஸ்ஸு, ஆளு ஜாஸ்தி. காத்தும் அப்பிடித்தான்.”

“அப்ப நீங்கதான் கண்டக்டரு.”

அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். அவரால் இப்படியெல்லாம் விளக்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு இஞ்சினை ஓடவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயின் வாயருகே வைத்தார். “இழுக்குதுண்ணே” என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, “அக்கா, நீங்களும் வந்து கைய வச்சிப் பாருங்களேன்” என்றாள். நான் போகவில்லை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்குள் எதுவும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். அன்று சாப்பிடும்போது, “அந்தப் பொண்ணுக்கு நல்ல மூளை” என்றார். அவ்வளவுதான். ரசம் கேட்டார், ஊற்றினேன்.

ஐப்பசியில் முப்பத்தொரு பேருக்குப் போன் செய்தேன். அவளுக்குச் செய்யவில்லை. நோட்டில் அவள் பெயர் எதிரே காலியாக இருப்பதைப் பார்த்துத்தான் மறதி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். அதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

“அக்கா, மழ புடிச்சிக்கிச்சே. பைப்பத் தூக்கணும்னு அண்ணன் சொன்னாரு. எப்ப வரட்டும்?”

“போன வாட்டி சர்வீஸுக்கு விட்டப்பவே தூக்கியாச்சும்மா. நீ பாட்டுக்கு ஓட்டு.”

“தேங்க்ஸ்க்கா. வண்டி சும்மா பறக்குதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க.”

குழாயை யாரும் தூக்கியிருக்கவில்லை. அவள் சொன்னதையும் அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மதியம், காலாப்பட்டுக்குப் போகிற வழியில் பிள்ளைச்சாவடிக்கு முன்னால், ரோடு தாழ்கிற இடத்தில் முழங்கால் தண்ணீர். முன்னே போன வண்டிகள் கடந்துவிட்டன. அவளுடையது நின்றது. கதவைத் திறந்து இறங்கியிருக்கிறாள். ரோட்டை ஒட்டி வாய்க்கால் ஓடுவது அந்த வெள்ளத்தில் தெரிந்திருக்காது. மீன்காரர்கள் சாயங்காலம்தான் அவளைக் கரையேற்றினார்கள்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வண்டி கெட்டுப்போய், அவர்மேல் கோபப்பட்டு, இனி வராமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தேன். அன்று காலை மழையைப் பார்த்தபோது அவள் எந்த வழியில் போவாள் என்று நினைத்தேன். எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்றும் நினைத்தேன். போன் என் மடியில் இருந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அவள் இறந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. இரண்டு முறை அந்த ஸ்டூலைத் துடைத்து வைப்பதைப் பார்த்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் பத்து நாளில் என்னை மன்னித்துவிடுவார். அவர் அப்படிப்பட்டவர். மன்னித்துவிட்டால் என்னைப் பற்றி நினைக்க அவருக்கு எதுவும் மிச்சம் இருக்காது. அவளை மட்டும் நினைத்துக்கொண்டிருப்பார்.

பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. இதில் நான் கையெழுத்துப் போடவில்லை.