காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை

— கூட்டம் பத்து மணிக்குத்தாண்ணா. அதுக்கு முன்னாடியே மாநகராட்சி ஆபீசுல என் அறைக்கு வந்து சண்டை போடணுமா?

— முதல்ல உட்காரச் சொல்லு வாலு. மூணு மாசம் கழிச்சு வர்ற அண்ணனை நிக்க வெச்சா பேசுவ?

— பேச்சை நிறுத்தினது நீ. பள்ளிக்கூடத் தெருவுல காலையில ஏழரையிலேருந்து ஒன்பதரை வரைக்கும் கார் வரக்கூடாதுன்னு தடுப்பு வெச்சோமே, அன்னைக்கு நிறுத்தின. போன் பண்ணினா அண்ணி எடுத்து, ‘அவர் குளிக்கிறார்’னு வாய் கூசாம சொல்றாங்க. மூணு மாசமா குளிக்கிறியா?

— சரி சரி, தண்ணி குடு. பஸ்ஸுலேருந்து இறங்கி நடந்து வந்தேன்.

— பஸ்லயா? செருப்புக்கடை வெச்சுக்கிட்டு நாலு அடி நடக்காத ஆளாச்சே நீ.

— கேளு, சொல்றேன். ஆறு நிமிஷத்துக்கு ஒரு பஸ் விடப் போறோம்னு நீ சொன்னப்போ, ‘அதெல்லாம் காகிதத்துல ஓடும்’னு எங்க வியாபாரிகள் சங்கத்துல கிண்டல் பண்ணினேன். சத்தியமா ஆறு நிமிஷத்துல வருது. போன வாரம் ஒருநாள் நாலு நிமிஷத்துலயே வந்துடுச்சு, ஓடிப் போய்ப் பிடிச்சேன்.

— போன வாரமா? எத்தனை நாளா இது?

— அதை விடு. இன்னைக்குக் கூட்டத்துல என்ன ஆகும்?

— தெரியலை. ஆபீசுங்க எல்லாம் ஒரே நேரத்துல திறக்காம அரை மணி முன்னே பின்னே திறக்க ஒத்துக்கிட்டாங்க. காலை நெரிசல் மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. ஆனா வியாபாரிகள் சங்கம் எதிர்த்தா மேயர் எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துடுவார். அந்தச் சங்கத்துச் செயலாளர் என் கூடப் பிறந்தவர். ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை.

— போய்ச் சாப்பிடு. சங்கம் குடுத்த எதிர்ப்பு மனுவைத் திரும்ப வாங்கிட்டேன்.

— என்ன சொல்ற?

— காலையிலயே எல்லாக் கடைக்காரங்ககிட்டயும் பேசிட்டேன். மருந்துக்கடைக்காரர் மட்டும் முணுமுணுத்தார், அவர் எதுக்குத்தான் முணுமுணுக்கலை? வியாபாரம் குறையலைம்மா. கார்ல போறவன் கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் போயிடுவான். நடந்து போறவன்தான் கடை வாசல்ல நிக்கிறான்.

— அப்பாடா. இரு, நான் கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்.

— அழாத.

— அழலை. நெஞ்சுல ஏறி உட்கார்ந்திருந்தது இறங்குது, அவ்வளவுதான். மனசு மாறினதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— எனக்குக் கண்ணுல கோளாறு. நேரா தெரியுது, பக்கவாட்டுல தெரியலை. வண்டி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி அஞ்சு மாசம் ஆச்சு.

— அஞ்சு மாசமா? அதுக்கப்புறமும் ஓட்டினியா?

— ரெண்டு மாசம் ஓட்டினேன். அப்போ உன் அண்ணிக்கே தெரியாது. காரை விட்டா காலை வெட்டிக்கிட்ட மாதிரின்னு நினைச்சேன். ஊருக்காகப் பேசறேன்னு சொல்லிக்கிட்டு என் ஸ்டியரிங்குக்காகக் உனக்கு எதிரா கையெழுத்து வாங்க அலைஞ்சேன்.

— சாவி இப்போ எங்கே?

— உன் அண்ணிகிட்ட. நீ தடுப்பு வெச்ச அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லி, சாவியையும் குடுத்துட்டேன். இப்போ பஸ்ல ஜன்னலோரமா உட்கார்ந்தா, கையெல்லாம் லேசா இருக்கு. யாரையும் இடிச்சுடுவோமோங்கிற பயமே இல்லை.

— அப்போ என்மேல கோபமே இல்லையா? எதுக்கு மூணு மாசம் முகத்தைக் காட்டலை?

— காட்ட முகம் இல்லைம்மா. நீ தடுப்பு வெக்கிறதுக்கு முந்தின நாள், பள்ளிக்கூட வாசல்ல இடப்பக்கத்துலேருந்து ஒரு குழந்தை வந்தது எனக்குத் தெரியவே இல்லை. யாரோ கத்தினாங்க. பிரேக் போட்டேன். ஒரு சாண் இடைவெளியில வண்டி நின்னுச்சு.

— ஐயோ. குழந்தைக்கு?

— ஒரு கீறல் இல்லை.

— யார் வீட்டுக் குழந்தை?

— இறங்கி ஓடினேன். ‘மாமா, என்மேலதான் தப்பு, பார்க்காம வந்துட்டேன், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க’ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா, உன் பொண்ணு.